பிஸ்கால் ஆளுக்கு ஒரு நீலக் கோட்டு

வில்லியம் பவல் ஃப்ரித் என்றதும் எல்லோரும் 'டெர்பி டே' ஓவியத்தைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முன்பு, 1850இல் அவர் வரைந்த நாடகக் காட்சி ஒன்று. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையத்தளத்தில் பார்க்கலாம்.

ஆங்கில எழுத்தாளர் ஒலிவர் கோல்ட்ஸ்மித்தின் 'த குட் நேச்சர்ட் மேன்' நாடகத்தில் மூன்றாம் அங்கம். யார் கை நீட்டினாலும் இல்லையென்று சொல்லத் தெரியாத ஹனிவுட்டைக் கடனுக்காகக் கைது செய்ய இரண்டு பிஸ்கால் ஆட்கள், அதாவது நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் சேவகர்கள், வந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, அவர் மனத்துக்குள் விரும்பும் மிஸ் ரிச்லண்ட் வந்துவிடுகிறாள். 'என் நண்பர்கள்' என்று அவர்களை அவளுக்கு அறிமுகம் செய்துவைக்கிறார் மனிதர்.

அதற்கு முன் உடுப்புப் பிரச்சினை. அந்த இரண்டு பேரில் உதவிக்குக் கூட வந்த ஃப்ளானிகனின் உடை படுமோசம். பழுப்பும் வெள்ளியுமான உடையைக் கொடு என்கிறார் ஹனிவுட். அதைத்தான் கவிதை எழுதிப் பிச்சை கேட்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டீர்களே என்கிறான் வேலைக்காரன். வெள்ளையும் பொன்னும்? எதற்கும் உதவாதென்று அவனே விற்றுவிட்டான். கடைசியில் நீலமும் பொன்னும்தான் மிஞ்சுகிறது. உடுப்பு மாறினாலும் வாய் மாறவில்லை. ஆட்டிறைச்சி இறாத்தல் ஐந்து பென்ஸ் ஆனதற்குப் பிரெஞ்சுக்காரர்கள்தான் காரணம் என்று அவளுக்கு முன்பே திட்டுகிறான் ஃப்ளானிகன்.

1768இல் கொவென்ட் கார்டன் அரங்கில் முதல் நாள் இதைப் பார்த்தவர்கள், தரக்குறைவான காட்சி என்று எதிர்ப்புக் காட்டினார்கள். காட்சி மேடையிலிருந்து வெட்டப்பட்டது. கோல்ட்ஸ்மித் விடவில்லை, புத்தகமாக அச்சிட்டபோது திரும்பச் சேர்த்துக்கொண்டார். எண்பது வருடங்கள் கழித்து ஃப்ரித் தேடி எடுத்து வரைந்தது, வெட்டி எறியப்பட்ட அந்தக் காட்சியையேதான். இதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

தரக்குறைவு என்றவர்கள் வீட்டில் கடன்காரன் வந்து உட்கார்ந்திருக்கமாட்டான். மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, நோர்வூட்டிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்த நேரம் குழுக்கடன் தவணை வாங்கும் தம்பியும் வந்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நின்றார். அம்மா தடுமாறவே இல்லை. "வாங்க தம்பி, நம் பெரியவனோடு படித்த பிள்ளை" என்று உள்ளே கூட்டிவந்து, இரவல் வாங்கி வைத்திருந்த பூப்போட்ட கோப்பையில் அவருக்கும் பால் தேநீர் கொடுத்தார். அவர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை மெல்லத் தொடைக்கு அடியில் தள்ளிக்கொண்டு, "அண்ணன் கொழும்பில் சுகமாக இருக்கிறாரா?" என்று கேட்டார். அவரும் ஒரு லயத்துப் பிள்ளைதான். அன்றைக்குத் தவணை கேட்காமலே எழுந்து போனார்.

ஆகவே அந்த ஓவியத்தில் என் கண் முதலில் போவது ஹனிவுட்டிடமோ மிஸ் ரிச்லண்டிடமோ அல்ல, அந்த இரண்டு பேரிடம்தான். பெரிய மனிதர் வீட்டு வரவேற்பறையில் அவர்களும் கூச்சத்தோடு நின்றிருப்பார்கள் அல்லவா?

கோல்ட்ஸ்மித்துக்கு இது கேள்விப்பட்ட கதை அல்ல. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரம்மா அவரையே கைது செய்யவைத்திருக்கிறார். நண்பர் சாமுவேல் ஜான்சன் வந்து, அவரிடமிருந்த நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்துப்போய் 60 பவுணுக்கு விற்றுக் கொடுத்தார். ஓடிப்போனவனுக்குப் பிணை நின்று மாட்டிக்கொண்ட ஹனிவுட்டுக்கு அப்படிக் கைகொடுப்பவள் மிஸ் ரிச்லண்ட். வந்தவர்கள் யாரென்று புரிந்துகொள்கிறாள். அவர் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆள் அனுப்பிக் கடனை அடைத்துவிடுகிறாள்.

நாடகத்தில் என்னால் மன்னிக்க முடியாதவர் ஹனிவுட்டின் மாமா ஒருவர்தான். பிள்ளைக்குப் புத்தி வரட்டும் என்று இந்தக் கைதுக்கு ஏற்பாடு செய்தவரே அவர். நல்லவேளை, இந்தக் காட்சியில் அவர் இல்லை.