மூன்றரை மணி நேரம்

22.2.2023, புதன்

சாம்பல் புதன் ஆராதனை முடிந்து மஞ்சக்குப்பத்திலிருந்து வீடு வர எட்டரை ஆகிவிட்டது. ஒன்பது மணிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து, மலாவியிலிருந்து, மகள் பாப்பா கூப்பிட்டாள். இங்கே ஒன்பது என்றால் அங்கே ஐந்தரை. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், இந்த மூன்றரையைக் கழிக்க இன்னும் விரலை மடக்குகிறேன்.

நேற்று ராத்திரி மடகாஸ்கரில் புயல் கரை கடந்ததாம். ஃபிரெடி என்று பெயர். இவர் போனில் படம் காட்டினார். ஆஸ்திரேலியா பக்கம் பிறந்து இந்தியப் பெருங்கடலை முழுசாகக் குறுக்கே கடந்து வந்திருக்கிறது. "மலாவிக்குக் கடலே கிடையாது, நீ போய்ப் படு" என்றார்.

24.2.2023, வெள்ளி

மொசாம்பிக்கில் கரையேறிவிட்டது. பாப்பா இருக்கும் இடத்துக்கு ஒன்றுமில்லை. பாப்பாவின் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன்.

28.2.2023, செவ்வாய்

இன்று நல்ல பேச்சு. முக்கால் மணி நேரம். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி செய்துகொண்டிருக்கிறாராம். காலரா இன்னும் அடங்கவில்லை. ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் குழாய் வைத்த வாளி, குளோரின் தண்ணீர். கை கழுவாமல் ஒரு பிள்ளையும் உள்ளே போகக்கூடாது. அவள் வகுப்புப் பதிவேட்டில் நூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் தரையில். சிச்சேவா பேசும் பிள்ளைகளுக்கு ல-வும் ர-வும் ஒன்றுதானாம், மாற்றி மாற்றிச் சொல்கிறார்களாம். "நம்ம ஊரில் மூன்று ல வைத்துக்கொண்டே திணறுகிறோம், பாவம், விடு" என்றேன். அவள் சிரித்தது நன்றாகக் கேட்டது.

சாப்பாடு என்சீமா. வெள்ளைச் சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கிண்டி எடுப்பது. நம் களிதான், நிறம்தான் வேறு. தொட்டுக்கொள்ளக் கீரையோ பீன்ஸோ. ஆனால் துவரை அங்கே காடு மாதிரி விளைகிறது, நந்தோலோ என்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை நான் கொடுத்தனுப்பிய பொடியைப் போட்டு சாம்பார் வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு ஜிகோமோ, ஜிகோமோ என்றாராம். நன்றி என்று அர்த்தம்.

இவர் உடனே தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இந்தியா மலாவியிலிருந்து வருஷத்துக்கு 50,000 டன் துவரை வாங்க 2021-ல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அப்படியென்றால் நம் வீட்டுப் பருப்பு எந்த ஊர்ப் பருப்பு?

5.3.2023, ஞாயிறு

பெண்கள் சங்கத்தில் கைப்பிடி அரிசி ஏலம். உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்து டின்னில் போடுவது என் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் நிற்காத பழக்கம், மிஷனெரி ஊழியத்துக்கு. இன்று டின்னை நீட்டியபோது போதகரின் மனைவி ஐயரம்மா, "இனி உங்க வீட்டு அரிசி உங்க மகளுக்கேதான் போகுது அக்கா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

இத்தனை வருஷமும் அரிசியைத்தான் போட்டேன். பிள்ளையைப் போடுவதாக யாருக்கும் வாக்குக் கொடுத்த நினைவில்லை.

பாங்க் வேலையை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு இங்கே பிள்ளைகள் இல்லையா? ஏர்போர்ட்டில் கடைசியாக நான் கேட்டது இதுதான். அவள் பதில் சொல்லவில்லை. ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

8.3.2023, புதன்

புயல் செத்துப்போகவில்லை. தரைக்குள் போய்விட்டுக் கடலுக்குத் திரும்பி வந்து பலம் சேர்க்கிறது. நாலு புயல் பார்த்தவள் நான், இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை.

11.3.2023, சனி

மறுபடி மொசாம்பிக். கெலிமானே என்ற ஊர். இவர் ஸ்கேலை வைத்து மேப்பில் அளந்தார். அளந்ததை என்னிடம் சொல்லவில்லை.

12.3.2023, ஞாயிறு

மதியம் மூன்று மணிக்கு மெசேஜ்: "நல்ல மழைம்மா. கரண்ட் இல்லை. சர்ச்சுக்குப் போகவில்லை. சார்ஜ் 20 இருக்கு." அவ்வளவுதான். நான் உடனே கூப்பிட்டேன். எடுத்துப் பேசியிருந்தால் அந்த இருபதும் போயிருக்கும் என்று இவர் திட்டினார். எடுக்கவில்லை.

13.3.2023, திங்கள்

ஒரே ஒரு டிக்.

14.3.2023, செவ்வாய்

99 பேர் என்று போட்டிருக்கிறது. மலாவியின் பிளாண்டயர் நகரில் மலைச்சரிவு, வீடுகள் மண்ணோடு வந்துவிட்டன. அரசாங்கம் பேரிடர் நிலை அறிவித்திருக்கிறது. தெற்குப் பக்கத்தில் பள்ளிக்கூடங்களை மூடியிருக்கிறார்கள். பாப்பாவின் பள்ளிக்கூடம் முலாஞ்சே மலை அடிவாரம். 3,000 மீட்டர் மலை. போன மாதம் அதைத்தான் போட்டோ எடுத்து, பாரும்மா எவ்வளவு அழகு என்று அனுப்பினாள். தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னால் நீலமாக நிற்கிறது. அதைத் திறந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், பள்ளிக்கூடம் எங்கே, சரிவு எங்கே, ஓடை எந்தப் பக்கம் என்று.

அனுப்பிவைத்த அமைப்பின் ஆபீசுக்கு ஆறு முறை போன் செய்தோம். "ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் அம்மா" என்றார் அந்தத் தம்பி. ஜெபம் நானும்தான் செய்கிறேன் தம்பி, நீ ஒரு போன் நம்பர் கொடு என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

தானே புயலில் இதேதான். 2011 டிசம்பர் 30, விடிகாலை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, டவர் இல்லை. பாப்பா அப்போது பிளஸ் டூ, மெழுகுவத்தியில் படித்தாள். நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று மதுரையில் இருக்கும் என் அக்காவுக்குத் தெரிய நாலு நாள் ஆயிற்று. போன் கிடைத்ததும் அக்கா அழுத அழுகைக்கு நான் சலித்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஓட்டு வேலையும் தண்ணீர்க் கவலையும். இப்போது அங்கே பாப்பாவுக்கும் ஓட்டுக் கவலையாக இருக்கட்டும். அம்மா ஞாபகமே வராத அளவுக்கு வேலை இருக்கட்டும்.

15.3.2023, புதன்

தூக்கம் வரவில்லை. மணி மூன்று. அங்கே பதினொன்றரை, நேற்றைய தேதி.

போர்டிங்கில் இருந்த டென்மார்க் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குறுக்குத் தையல் கோணலானால் பேசாமல் பிரித்துக் கையில் கொடுப்பார். தமிழில் 'ழ' அவருக்குக் கடைசிவரை வரவில்லை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ கடிதம் வரும். கிழிக்கமாட்டார், கத்தரியால் ஓரத்தைச் சன்னமாக நறுக்குவார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். நாங்கள் பத்துப் பேர் சுற்றி நிற்போம், ராணி படம் போட்ட தபால்தலைக்கு. அதற்குத்தான் எங்களுக்குள் சண்டை. யார் எழுதிய கடிதம் என்று ஒருநாளும் ஒருத்தியும் கேட்டதில்லை. அந்தம்மாவுக்கு ஒரு அம்மா இருந்திருப்பாள். எங்கோ குளிரில் உட்கார்ந்து, கடலூர்ப் பக்கம் புயல் என்று பேப்பரில் படித்திருப்பாள். "டென்மார்க்கில் இல்லாத பிள்ளைகளா?" என்று கேட்டிருப்பாளோ என்னவோ. நான் அந்தத் தபால்தலையை நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். நோட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மாலை. 200-ஐத் தாண்டிவிட்டது. இவர் இனிமேல் எண்ணைச் சொல்லாதே என்கிறார். தேடுவது அவர்தான்.

16.3.2023, வியாழன்

107-ஆம் சங்கீதம். கொந்தளிப்பை அமர்த்துகிறார் என்னும் இருபத்தொன்பதாம் வசனத்தைத் தாண்ட முடியவில்லை.

இரவு 10.40. தெரியாத நம்பர். +265 என்று பார்த்ததும் கை நடுங்கி முதல் முறை கட் ஆகிவிட்டது. மறுபடி வந்தது. மாப்பிள்ளை. "அத்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்." யாரோ ஒரு டிரைவரின் போன், மேட்டில் ஏறி நின்று பேசுகிறார். பாப்பாவிடம் கொடுத்தார். தொண்டை கட்டியிருந்தது. "சாப்பிட்டியா" என்று கேட்டேன். நாலு நாளாக மனதில் அடுக்கி வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ, இதுதான் வாயில் வந்தது. என்சீமா சாப்பிட்டாளாம். ஒன்றரை நிமிஷம்.

19.3.2023, ஞாயிறு

பள்ளிக்கூடம் இப்போது முகாம். அவள் வகுப்பில் ஏழு குடும்பம் படுக்கிறது. கரும்பலகையில் போன வாரத்துப் பின்னக் கணக்கு அழிக்காமல் அப்படியே இருக்கிறது, யாரையும் அழிக்கவிடவில்லை என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பதிவேட்டை வைத்துக்கொண்டு பெயர் பெயராகத் தேடுகிறாள். இதுவரை எண்பத்தொன்பது. பாலம் போய்விட்டதால் அக்கரைப் பிள்ளைகள் வரமுடியவில்லை, அவ்வளவுதான் என்கிறாள். சரி என்றேன்.

இருபத்து மூன்று. இதற்கு விரல் மடக்கவில்லை.

21.3.2023, செவ்வாய்

அமைப்பிலிருந்து போன். விரும்பினால் திரும்பி வரலாம், டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்று இருவரிடமும் சொல்லிவிட்டார்களாம். அந்தத் தம்பிதான். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைம்மா, எங்கம்மாவும் இப்படித்தான்" என்றார்.

பாப்பாவின் அறையைக் கூட்டித் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டேன்.

22.3.2023, புதன்

வரவில்லையாம்.

"எப்படிம்மா வர முடியும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

23.3.2023, வியாழன்

மெத்தையை உள்ளே எடுத்துப் போட்டாயிற்று. இவர் மாலை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடந்து போய்விட்டு இருட்டிய பிறகு வந்தார், செருப்பில் மணல். சாம்பார் வைத்திருந்தேன். பருப்பு வேகவே இல்லை, பழைய சரக்கு. அளக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

26.3.2023, ஞாயிறு

சங்கத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். "என் மகள்" என்று ஆரம்பித்து, அவர்கள் எதிர்பார்த்ததைச் சொல்லவில்லை. பதிவேட்டில் இன்னும் பதினொரு பிள்ளைகள் கிடைக்கவில்லை, பெயர் தெரியாது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அரிசி டின்னை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

28.3.2023, செவ்வாய்

வண்டி கிளம்பவில்லை. இரண்டு வாரமாகத் தொடவே இல்லை, பாட்டரி இறங்கிவிட்டது. கிக்கரை உதைத்துப் பார்த்தேன், கால்தான் வலிக்கிறது. மெக்கானிக் நாளைக்கு வருவதாகச் சொன்னார். ராத்திரி பாப்பா கூப்பிட்டால் இதைச் சொல்லக்கூடாது.