‘நத்திங்’ எழுதுகிறேன்

தலைப்பைப் பார்த்ததும் என் வகுப்புப் பெடியள் சிரித்திருப்பார்கள். பழைய மாணவர் சங்க மலர்க்குழு கட்டுரை கேட்டு மூன்று மாதம் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாசியில் இங்கிலீஷ் சேர் போய்விட்டார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. 91 வயது. அன்றிரவே எழுத உட்கார்ந்தேன்.

1979, ஒன்பதாம் வகுப்பு. இன்ரேவல் முடிந்து வந்த சேரின் கதிரையில் மை. யார் ஊற்றியது என்று கேட்டார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பதறி எழும்பி, “ஐ டிடின்ட் டூ நத்திங் சேர்!” என்றேன்.

சேர் கோபப்படவில்லை. வலக்கையைத் தூக்கினார். “டிடின்ட்” என்று ஒரு விரலை மடக்கினார். “நத்திங்” என்று மற்றதை. “ரெண்டு ‘இல்லை’ சேர்ந்தால் ஒரு ‘ஓம்’. தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டிட்டார்.” வகுப்பே அதிர்ந்தது. பாடம் முடியும்வரை விறாந்தையில் நின்றேன். மையை ஊற்றியவர் இன்று இந்தச் சங்கத்தில் ஒரு பதவியில் இருக்கிறார். அன்று அவரும் சிரித்தவர்தான்.

அடுத்த நாள் சேர் கரும்பலகையில் விளக்கினார். ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்பதில் மறுப்பு ஒன்றுதான், அது வினையின் வாலில் நிற்கிறது. ‘ஒன்றும்’ என்பதில் மறுப்பே கிடையாது. அதைப் போய் நான் ‘நத்திங்’ ஆக்கியதுதான் பிழை. ‘ஐ டிடின்ட் டூ எனிதிங்’ என்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘ஐ டிட் நத்திங்’. ஒன்றைத்தான் திருத்தலாம், இரண்டையும் திருத்தினால் ‘ஐ டிட் எனிதிங்’ என்று வந்து நிற்கும், அது இன்னும் மோசம். ‘ஹார்ட்லி’யும் மறுப்புக் குடும்பமாம், ஆகவே ‘கான்ட் ஹார்ட்லி’யும் கூடாது. அப்புறம் தமிழ்ச் சேரின் வளவுக்குள்ளும் புகுந்தார். “‘நீரின்று அமையாது உலகு.’ ‘இன்று’ எண்டால் இல்லாமல். அதுவும் மறுப்பு, ‘அமையாது’வும் மறுப்பு. சேர்த்துப் பார், தண்ணி வேணும் எண்டு வரும்.”

பெயர் மட்டும் ஒட்டிவிட்டது. பிக் மட்சில் நான் பூச்சியத்துக்கு அவுட்டானபோது கூடாரமே ‘நத்திங்’ என்று கத்தியது.

லண்டனில் முதல் வேலை, எல்லாரையும் போல, பெற்றோல் ஸ்ரேசனில். ஈஸ்ட்ஹாம் பெடியள் வந்து “ஐ ஏய்ன்ட் டன் நத்திங்” என்பார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள்! கல்லாவுக்குக் கீழே என் விரல் தானாக மடங்கும். அவர்களை யாரும் விறாந்தையில் நிறுத்தியதாகத் தெரியவில்லை. பின்னேர வகுப்பில் பிறகு படித்தேன்: இரண்டு மறுப்பு ஒன்றையொன்று அழிக்கும் என்று தன் இலக்கணத்தின் 1763ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுதியவர் ரொபேட் லோத், பிற்பாடு லண்டன் பிஷப்பாகவே இருந்தவர். அவருக்கு நாலு நூற்றாண்டு முந்திய ஆங்கிலக் கவிஞர் சோசர், தன் கதையில் வரும் நைற் என்ற குதிரைவீரனின் நாகரிகத்தைச் சொல்ல ஒரே வாக்கியத்தில் நாலு மறுப்புப் போட்டிருக்கிறார். சேருக்குச் சொன்னால் என்ன செய்வார்? மற்றக் கையையும் தூக்குவாரோ?

இதைச் சொல்லிக் கடிதம் எழுதாமல் இருக்கவில்லை. இங்கிலீஷில் எழுதினேன், பிழை பார்த்தேன், திரும்ப எழுதினேன். போடத்தான் இல்லை. சண்டை என்றொரு காரணம் இருந்தது; 2009க்குப் பிறகு அதுவும் இல்லை. சென்னைக்கு மூன்று முறை போய் வந்தேன்.

1986இல் புறப்படுவதற்கு முதல்நாள் சேர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். படலை வரை வந்தார்.

“திரும்பி வருவியோ?”

“வராமல் விடமாட்டன் சேர்.”

சேர் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு விரலை மடக்கினார். பிறகு மற்றதை.