கோத்தகிரித் தண்ணீரில் மலாவி மீன்கள்: எட்டு மாதக் குறிப்பு

எங்கள் வீட்டுக் குழாயில் வருவது ஊற்றுத் தண்ணீர், உப்பு குறைந்த மென்னீர். சோப்புப் போட்டுக் கழுவினால் கையில் வழவழப்பு போகவே போகாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் இத்தனை வருடத்தில் ஒரு பொட்டு வெள்ளைப் படிவம் கிடையாது. அவிநாசியில் அக்கா வீட்டில் போர் தண்ணீர். அங்கே கெட்டில் மூன்று மாதத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகிவிடும். ஆப்பிரிக்கச் சிக்லிட் வளர்க்கப் போகிறேன் என்றதும் அக்கா மகன் சொன்னான்: "மாமா, உங்க ஊர் தண்ணிக்கு டெட்ரா வாங்குங்க. சிக்லிட் எங்க வீட்டுத் தண்ணிக்குத்தான் சரி." அவன் சொன்னதில் தப்பில்லை; டெட்ரா மென்னீர் மீன், ஆப்பிரிக்க ஏரிச் சிக்லிட்டுக்குக் காரத் தண்ணீர் வேண்டும். ஆனால் எல்லோ லேப் என்ற மலாவி ஏரிச் சிக்லிட்டின் மஞ்சள் நிறத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு மீன் பிடிக்கவில்லை.

நாலடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் டேங்க். கணக்குப்படி 200 லிட்டருக்கு மேல் பிடிக்கும். கல்லும் மணலும் போட்டுவிட்டு வாளியால் அளந்து ஊற்றியதில் 180 லிட்டர்தான் போனது. இந்த அளவைக் குறித்து வைத்தது பின்னால் பெரிய உதவியாக இருந்தது. கல்லெல்லாம் தோட்டத்துக் கல்தான். வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை, அதாவது சுண்ணாம்பு இல்லை. நம் மலைக் கல் தண்ணீரில் எதையும் கரைத்துவிடாது, அதனால் கெடுதலும் இல்லை, உதவியும் இல்லை. கல்லை முதலில் கண்ணாடித் தரையில் உட்கார வைத்து, அப்புறம்தான் மணல் போட வேண்டும். இந்த மீன்கள் மணலைத் தோண்டும். மணல்மேல் நிற்கும் கல் சரிந்துவிடும்.

பிப்ரவரியில் கோயம்புத்தூரிலிருந்து பத்து எல்லோ லேப் குஞ்சுகள் வாங்கி வந்தேன். பையில் கொஞ்சம் காற்று குறைவாகவே அடைக்கச் சொன்னேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து பை தானாக உப்பிக்கொண்டே வரும். வீடு வந்து சேரும்போது பை மேளம்போல விறைத்திருந்தது.

அப்போது நான் பார்த்ததெல்லாம் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) மட்டும்தான். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் காற்று விட்டு வைத்தால் 7.2 காட்டியது. ஃபில்டரில் ஒரு பை கிளிஞ்சல் போட்டேன், அதன் சுண்ணாம்பு கரைந்து பிஎச் மெதுவாக ஏறிவிடும் என்று நம்பினேன். கேஎச் (பைகார்பனேட் அளவு) அளந்தபோது வெறும் 1 டிகிரி. அதை நான் பொருட்படுத்தவில்லை. என் தவறு அங்கேதான்.

தண்ணீரில் சேரும் அமிலத்தைத் தாங்குவது கேஎச் அளக்கும் இந்தப் பைகார்பனேட்தான்; அது தீர்ந்தால் பிஎச் விழும். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனுக்கு ஏழு பங்கு காரத்தன்மை செலவாகும். கேஎச் 1 இருக்கும் தண்ணீரில் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? கிளிஞ்சல் பை ஃபில்டரின் மூலையில் கிடந்தது, அதன் வழியாகத் தண்ணீர் சரியாக ஓடவே இல்லை. ஆறாவது வாரம் பிஎச் 6. அந்த அளவில் பாக்டீரியாவும் வேலையைக் குறைத்துவிடும். பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய அமோனியா 2 காட்டியது. மீன்கள் கல்லுக்குள் ஒடுங்கிக் கிடந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிஎச் ஏற வேண்டும் என்ற அவசரத்தில் 30 கிராம் சமையல் சோடாவை ஒரே தடவையில் கரைத்து ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் பிஎச் 8. எண் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். சாயங்காலம் எல்லாமே மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. காலையில் மூன்று மீன்கள் இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. பிஎச் குறைவாக இருக்கும்போது அமோனியாவின் பெரும்பகுதி அம்மோனியமாக இருக்கும், அதனால் அவ்வளவு கெடுதி இல்லை. பிஎச் 6லிருந்து 8க்கு ஏறினால் நஞ்சான வடிவம் ஏறக்குறைய நூறு மடங்கு கூடுகிறது. நான் வெளியிலிருந்து எந்த நஞ்சையும் ஊற்றவில்லை, உள்ளே இருந்ததைத்தான் நஞ்சாக்கிவிட்டேன். அமோனியாவை முதலில் வெளியேற்றாமல் சோடாவில் கை வைக்கவே கூடாது. இதைப் படிக்கும் யாராவது ஒருவர் இந்த ஒரு வரியையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு மலாவி ஏரியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 700 மீட்டருக்கு மேல் ஆழம். வெளியேறும் ஆறு ஷிரே ஒன்றுதான்; உள்ளே வரும் தண்ணீரில் பெரும்பங்கு ஆவியாகிப் போகிறது, உப்புகள் தங்கிவிடுகின்றன. அங்கே கேஎச் சுமார் 6, 7. ஜிஎச் (கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, அதாவது கடினத்தன்மை) அதைவிடக் குறைவு, 4, 5தான். சுண்ணாம்புத் தண்ணீர் என்று நாம் நினைக்கும் அளவுக்குக் கடினத்தன்மை இல்லை. டாங்கனிக்கா ஏரியின் கணக்கு வேறு, அங்கே பிஎச் 9ஐத் தொடும், கேஎச்சும் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு ஏரி மீன்களுக்கும் ஒரே உப்புப் பொடியைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் கணக்கு இப்படி வந்தது. ஒரு லிட்டரில் ஒரு டிகிரி கேஎச் ஏற்ற 30 மில்லிகிராம் சமையல் சோடா. ஒரு டிகிரி ஜிஎச்சுக்கு 44 மில்லிகிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்). இங்கே உரக்கடையிலும் மெக்னீசியம் சல்பேட் கிடைக்கும், தேயிலைக்கு அடிப்பது, அதை வாங்கவில்லை. மருந்துக்கடையில் பேதியுப்பு என்று கேட்டு வாங்கினேன்.

தண்ணீர் மாற்றி மாற்றி அமோனியாவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் ஏப்ரலில் ஒரு நாளைக்கு ஐந்தரை கிராம் சோடா மட்டும். அதாவது தினம் ஒரு டிகிரி. ஏழாவது நாள் கேஎச் 7ஐத் தொட்டது. பிஎச்சுக்கென்று நான் எதுவும் சேர்க்கவில்லை, ஏர் ஸ்டோன் ஓட ஓட அது தானாக 8.2இல் வந்து நின்றது. இன்றுவரை அங்கேதான் நிற்கிறது. பிஎச்சைத் துரத்திக்கொண்டு ஓடாமல் கேஎச்சைச் சரியாக வைத்தால் போதும் என்பது எனக்கு அந்த வாரத்தில்தான் விளங்கியது. கிளிஞ்சலைத் தண்ணீர் ஊடுருவி ஓடும் இடத்துக்கு மாற்றினேன், கால்சியத்துக்கு அது. ஆனால் பிஎச் 8 பக்கம் வந்துவிட்டால் கிளிஞ்சல் கரைவது நின்றுபோகும், முழுப் பொறுப்பை அதனிடம் விட முடியாது.

வாரா வாரம் 45 லிட்டர் மாற்றுகிறேன். டிரம்மில் முந்தைய நாளே 8 கிராம் சோடா, 8 கிராம் பேதியுப்பு கலந்து, ஒரு ஹீட்டரும் ஏர் ஸ்டோனும் போட்டு வைத்துவிடுவேன். குழாய்த் தண்ணீர் 16 டிகிரி செல்சியஸில் வரும், டேங்க் 26. டேங்கில் 200 வாட் ஹீட்டர் இரண்டு, பின்பக்கமும் அடியிலும் தெர்மாகோல். உயரத்தில் இருக்கிறோம் என்பதால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் கண்டிப்பாக வேண்டும்.

மிஞ்சிய ஏழும் இப்போது மூன்றரை அங்குலம். ஒரு பெண் மீன் வாயில் முட்டை வைத்திருக்கிறது (இந்த இனத்தில் தாய் முட்டையை வாயில் வைத்தே பொரிக்கும்), இன்றோடு பதினாறு நாள். தாடை புடைத்து, இரை போட்டால் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறது.

ஐப்பசி மழை தொடங்கப் போகிறது. மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீரின் கேஎச் இன்னும் இறங்குமா என்று அளக்க வேண்டும். ஞாயிறுதோறும் கலக்குவதற்கு முன் ஒரு சோதனை, அதற்கேற்ப 8 கிராம் சோடாவைக் கூட்டிக் குறைப்பேன்.