நிரந்தர முகவரி

இறப்பு அறிக்கைப் படிவத்தின் கடைசிப் பகுதியில் இறந்தவரின் பழக்கங்களைப் பற்றிய கேள்விகள் இருக்கும். புகைபிடிப்பவரா, புகையிலை மெல்பவரா, பாக்கு போடுபவரா, மது அருந்துபவரா, ஆம் என்றால் எத்தனை ஆண்டுகளாக? பழனி மலையில் ஒரு நகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்த எனக்கு அவை மனப்பாடம். வாய் பாட்டுக்குக் கேட்கும், கை பாட்டுக்கு எழுதும். 2006 நவம்பரில் ஒரு காலை, ஜன்னலுக்கு வெளியே நனைந்து நின்ற ஒரு தகப்பனிடமும் அப்படியே கேட்டுவிட்டேன். "புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" கேட்ட பிறகுதான் வயதுக் கட்டம் கண்ணில் பட்டது. இரண்டு வருடம், ஒரு மாதம்.

அவர் நெதர்லாந்துக்காரர். சோலைக்காடுகளை மீட்கும் வேலைக்காக மலைக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தமிழ் தெரியும். கேள்வி புரிந்துவிட்டது. "இல்லை" என்றார். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம் அது.

அந்தப் பெண் குழந்தையின் பிறப்பையும் பதிந்தது நான்தான். பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று அன்று கால் மணி நேரம் பேசினோம். குறில் வேண்டுமா நெடில் வேண்டுமா என்று அந்த அம்மா பெயரை மூன்று முறை சொல்லிக்காட்டினார். இம்முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. பழைய பதிவேட்டை எடுத்து அதே எழுத்துகளைப் பார்த்து எழுதினேன்.

குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், நிமோனியா. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லி இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மழை, மூடுபனி. வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவுக்குச் சற்று முன்னால் உயிர் போய்விட்டது. ஓடும் வாகனத்தில் இறந்தால் அது முதலில் நிற்கும் ஊரில்தான் பதிய வேண்டும் என்பது விதி. வண்டி திரும்பி எங்கள் ஊர் மருத்துவமனை வாசலில்தான் நின்றது. அதனால் பதிவு எங்களிடம் வந்தது.

தூதரகத்துக்குத் தகவல், திண்டுக்கல்லில் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குத் தகவல், பாஸ்போர்ட், மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்று எல்லாம் நடந்தன. உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்புவதானால் பதப்படுத்த வேண்டும், அதற்கென்று தனிப் பெட்டி, தனிச் சான்றுகள். அதைச் சொல்லத் தொடங்கியதுமே அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். "இங்கேதான்" என்றார்.

பெட்டிக்கு ஆசாரியிடம் நானே கூட்டிப்போனேன். "அளவு சொல்லுங்கள் சார்" என்றார் ஆசாரி. "எண்பத்து நாலு சென்டிமீட்டர்" என்றார் அவர். போன வாரம்தான் கதவு நிலையில் குழந்தையை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். ஆசாரியின் கணக்கு அடியில். டேப்பை இழுத்து எண்பத்து நாலு எங்கே வருகிறது என்று பார்த்தார். இரண்டே முக்கால் அடி. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தவர் எடுக்கவேயில்லை. பிறகு, கடையில் யாருக்கோ மேசைக்கென்று இழைத்து வைத்திருந்த சில்வர் ஓக் பலகையை எடுத்தார்.

வெள்ளைக்காரர்கள் இந்த மலைகளுக்கு ஏறியதே உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். மதுரை அமெரிக்க மிஷன் குடும்பங்கள் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டின. சாலை இல்லாத அந்தக் காலத்தில் அவர்களின் பிள்ளைகள் டோலியில் ஏறி வந்தார்கள்; தூக்கி வந்தவர்கள் நம் ஆட்கள். உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் உதகை ஸ்தேவான் ஆலயக் கல்லறையில்தான் கிடக்கிறார்கள். மலைக் கல்லறைகளில் குட்டிக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்தத் தாய்களை நினைத்துக்கொள்வேன். பாட்டி இல்லை, அத்தை இல்லை, அழும்போது தலையைச் சாய்த்துக்கொள்ள ஒரு தோள் இல்லை.

இந்தத் தாய்க்கு ஒரு தோள் இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா, மன்னவனூர்ப் பக்கத்துக்காரர். மூன்று நாளும் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டவர் அவர்தான். "நான் சரியாகத் தேய்க்கவில்லையோ" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவர் கையை விடவே இல்லை.

அடக்கத்துக்கு அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போனேன். இருபது பேர் இருப்போம். குழிக்குள் மழைத்தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. குழி வெட்டியவர் பெயின்ட் டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். ஊற்ற ஊற்ற அடியில் மறுபடியும் கலங்கி நின்றது. பெட்டியைக் கையில் ஏந்தி நின்ற தகப்பன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயர் ஜெபத்தை நிறுத்தினார். குழி வெட்டியவர் ஒன்றும் பேசாமல் மேலே ஏறி, சுவரோரத் தைலமரத்தில் கை கொள்ளும் மட்டும் தழை ஒடித்து வந்து, குழியில் ஒரு முழ உயரத்துக்குப் பரப்பினார். தண்ணீர் தழைக்குள் மறைந்தது. ஆயாம்மாவின் கையில் மூன்று நாளாக இருந்த அதே வாசனை எழுந்தது. அதன் பிறகுதான் பெட்டியை இறக்கினார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கியிருந்தது. இறந்தபோது இருந்த முகவரி ஒன்று, நிரந்தர முகவரி ஒன்று. தகப்பன் இரண்டாவதில் நெதர்லாந்து வீட்டு முகவரியைச் சொல்லியிருந்தார். மறுநாள் அந்த அம்மா வந்து அதைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டை அவள் பார்த்ததே இல்லை" என்றார். என் மேலதிகாரியிடம் கேட்டேன். "தகவல் தருபவர் சொல்வதுதானே பதிவு? இன்னும் பதியவில்லையே, வேறு படிவம் எழுதி வாங்குங்கள்" என்றார் அவர். இரண்டு கட்டத்திலும் ஒரே முகவரி எழுதினேன். வாடகை வீடு, பழைய கதவு எண்.

மறு ஆண்டே அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டை இடித்து அந்த இடத்தில் ஒரு காட்டேஜ் கட்டிவிட்டார்கள். கோடு போட்ட கதவு நிலை எங்கே போனதோ தெரியாது. பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது, குழந்தையின் படிவம் என்றால் பழக்கங்களைக் கேட்காதீர்கள், 'இல்லை' என்று நீங்களே எழுதிவிடுங்கள் என்பதைத்தான். கல்லறைத் திருநாளன்று ஆயாம்மா பஸ் பிடித்து வருவார். முட்டி வலி. போன வருடம் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொடுக்க நானும் கூடப் போனேன்.