மீன் துடுப்பு: செய்முறைத் தேர்வில் நான் சறுக்கிய இடம்

பி.எஸ்சி. விலங்கியல் செய்முறைத் தேர்வில் என் தட்டில் வந்து விழுந்தது ஜிலேபிக் கெண்டை. துடுப்புகளைக் குறித்துப் பெயர் எழுத வேண்டும். ரெக்கார்டு நோட்டில் ரோகு படத்தை அத்தனை முறை வரைந்தவன் நான். ரோகுவுக்கு மார்புத் துடுப்பு செவுளை ஒட்டி, இடுப்புத் துடுப்பு வயிற்றின் நடுவில். ஜிலேபியின் வயிற்று நடுவில் ஒன்றுமே இல்லை. கொஞ்சம் பின்னால் ஒரு துடுப்பு தெரிந்தது. அதையே இடுப்புத் துடுப்பு என்று எழுதிவிட்டு வந்தேன். அது மலவாய்த் துடுப்பு. இடுப்புத் துடுப்போ மார்புத் துடுப்புக்குக் கீழேயே இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணைக்கரையில் ரோகு ஒன்று, ஜிலேபி ரெண்டு வாங்கி வந்தேன். அரிவாள்மனையை எடுத்துப் போட்ட அம்மா, "டேய், பாக்கறத இப்பவே பாத்துக்க. செட்டைய நறுக்கிட்டா அப்புறம் ஒட்டவைக்க முடியாது" என்றார்.

மீனை மல்லாத்தி முதலில் மலத்துளையைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் ஒற்றையாக இருப்பது மலவாய்த் துடுப்பு. நம் ஊர்க் கெண்டை வகைகளில் அதற்கு முன்னால், அடிப்பக்கம் ஜோடியாக இருப்பது இடுப்புத் துடுப்பு. நடுவயிற்றில் இருந்தாலும் சரி, கழுத்தடிக்கு ஏறியிருந்தாலும் சரி. ஜோடியா ஒற்றையா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதுகு, வால், மலவாய் மூன்றும் ஒற்றை.

அடுத்தது துடுப்பைத் தாங்கும் முள்ளும் கதிரும். ஜிலேபியின் முதுகுத் துடுப்பை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தேன். முன்பக்கம் 16 முள், ஊசி மாதிரி. பின்பக்கக் கதிர்கள் கணுக்கணுவாக, நுனி கிளை பிரிந்து வளைந்து கொடுக்கின்றன. குறிப்பு எழுதும்போது முள்ளுக்கு ரோமன் எண், கதிருக்குச் சாதாரண எண். வாலிலிருந்து தலைப்பக்கம் மட்டும் தடவிவிடாதீர்கள். என் கட்டைவிரலுக்குத் தெரியும்.

விராலில் இந்த முள் வம்பே கிடையாது. முதுகிலும் அடியிலும் நீளமாக மெல்லிய துடுப்பு. கெளுத்திக்குச் செதில் இல்லை, முதுகில் வாலுக்கு முன்னால் கதிரே இல்லாத சதைத் துடுப்பு ஒன்று உண்டு. வாய்மொழித் தேர்வில் அதைக் கேட்பார்கள்.

செவுள் மூடி பற்றிக் கேட்டால் பனையேறிக் கெண்டையைச் சொல்லுங்கள். முள் விளிம்புள்ள அந்த மூடியை ஊன்றித்தான் அது தரையில் நகர்கிறது. 1791இல் தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

கல்லூரியில் தருவது ஃபார்மலினில் ஊறிய மீன் என்றால் துடுப்பெல்லாம் மடங்கி உடம்போடு ஒட்டிக் கிடக்கும். பெயர் எழுதும் முன் ஊசியால் ஒவ்வொன்றாக விரித்துவிடுங்கள். ஜிலேபியில் இடுப்புத் துடுப்பை முதலில்.