ஷீட் ரோலில் பிழை, பிபிஓவில் வலி

ஓய்வுபெற்ற ராணுவ வீரரின் ஆவணத்தில் பிழை இருப்பது அவர் உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது, யார் பழைய காகிதத்தைப் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? அவர் காலமானபின் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு வரும்போதுதான் பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணையில் 'லட்சுமி தேவி' என்றும் ஆதாரில் 'லெட்சுமி' என்றும் இருப்பது கண்ணில் படுகிறது. அந்த அம்மாளை ஊரில் ஒருவரும் தேவி என்று கூப்பிட்டதில்லை. வடக்கே ஏதோ ஒரு யூனிட்டில் எழுத்தர் தன் பக்கத்து வழக்கப்படி சேர்த்து எழுதியிருப்பார், சிப்பாயும் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார்.

இப்படி வருபவர்கள் முதலில் வங்கிக்கு ஓடுகிறார்கள், அடுத்து ஆதார் மையத்துக்கு. இரண்டும் அவசரம். பிழை எந்தக் காகிதத்தில் பிறந்தது என்று தெரியாமல் எதையும் திருத்தக் கூடாது. ராணுவத்தில் ஒரு வீரரின் விவரம் மூன்று படிகளில் இறங்கி வருகிறது. திருமணம், குழந்தை பிறப்பு போன்றவற்றை யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்று வெளியிடும். அது படைப்பிரிவின் பதிவு அலுவலகமான ரெக்கார்டு ஆபீஸில் உள்ள ஷீட் ரோலில், அதாவது வீரரின் பணிப் பதிவேட்டில், ஏறும். ஓய்வு பெறும்போது ஷீட் ரோலைப் பார்த்துத்தான் பென்ஷன் கோரிக்கை தயாராகி, பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறையின் ஓய்வூதியக் கணக்கு அலுவலகமான பிசிடிஏ பென்ஷன்ஸுக்குப் போய் பிபிஓ ஆகிறது. ஷீட் ரோல் சரியாக இருந்து பிபிஓ மட்டும் தவறென்றால் அது தட்டச்சுப் பிழை; ரெக்கார்டு ஆபீஸ் எழுதினால் 'கோரிஜெண்டம் பிபிஓ' என்ற திருத்த ஆணை வந்துவிடும். ஷீட் ரோலே தவறென்றால் அங்கேதான் ஆதாரம் காட்டி வேலையைத் தொடங்க வேண்டும். பிபிஓவை மட்டும் மாற்றக் கேட்டால், "எங்கள் பதிவின்படி சரியாகவே உள்ளது" என்று ஒரு வரியில் பதில் வரும். பாதிப் பேர் அந்தப் பதிலோடு சோர்ந்துவிடுகிறார்கள்.

அதனால் முதல் வேலை ஷீட் ரோல் நகலை வாங்குவது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ரெக்கார்டு ஆபீஸுக்கு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'என் சர்வீஸ் விவரம் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஷீட் ரோலில் குடும்ப விவரம் உள்ள பக்கம், திருமணத்துக்கான பார்ட் டூ ஆர்டரின் எண், தேதி, நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். அந்தக் குடும்பப் பக்கத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். மனைவி பெயர், திருமண நாள், பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் கையால் எழுதியிருக்கும். பக்கத்தில் ஆர்டர் எண்ணும் அதிகாரியின் சுருக்கொப்பமும் இருக்கும். எண்ணும் ஒப்பமும் இல்லாமல் பெயர் மட்டும் தனியாக நின்றால் அந்தப் பதிவு முறைப்படி ஏறவில்லை என்று பொருள். ஒரு பெயர் அடிக்கப்பட்டு மேலே வேறு பெயர் இருந்தால், அந்த மாற்றத்துக்கு எந்த ஆர்டர் என்று கேட்க வேண்டும்.

எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்பதிலும் குழப்பம் வரும். கடைசியாக வேலை பார்த்த ஊர் கணக்கில்லை, எந்தப் படைப்பிரிவு என்பதே கணக்கு. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியாளர் பிரிவான இஎம்இக்குச் செகந்திராபாத். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படை வீரர்களுக்கு டெல்லி.

"சார், எல்லாத்துலயும் சரியாத்தான் இருக்கு, பென்ஷன் புக்குல மட்டும்தான் தப்பு" என்பார்கள். ஐந்தாறு ஆவணங்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் பல நேரம் கதை வேறாக இருக்கும். பணி முடிந்து வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, ஷீட் ரோல் மூன்றும் ஒத்துப்போய் ஆதார் மட்டும் விலகியிருந்தால் ஆதாரை மாற்றுவதே சுருக்கமான வழி. ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. இலேசாக நினைத்து அந்த வாய்ப்பைச் செலவழித்துவிடக் கூடாது. நம் இனிஷியலும் ஓயாத தலைவலி. பெயருக்கு முன் ஒற்றை எழுத்தாக இருந்தது ஷீட் ரோலில் அப்பா பெயராக விரிந்திருக்கும், பான் அட்டையில் பின்னால் போயிருக்கும். பாதுகாப்புத் துறையின் இணைய ஓய்வூதியத் தளமான ஸ்பர்ஷில் இவை ஒத்துப்போகாவிட்டால் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும்.

விண்ணப்பத்தில் ராணுவ எண்ணை அதன் கடைசி எழுத்தோடு எழுதுங்கள். அந்த ஓர் எழுத்து விடுபட்டாலே கோப்பு தேட நாளாகும். ரேங்க், பெயர், கடைசி யூனிட், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, பிபிஓ எண், வருடம், தொலைபேசி எண் அவசியம். பிறகு இரண்டே வரி: இப்போது என்ன உள்ளது, எப்படி இருக்க வேண்டும். நாட்டுக்கு உழைத்த வரலாற்றை முதல் பக்கம் முழுக்க எழுதி, கேட்க வந்ததை மூன்றாம் பக்கத்தில் வைக்கும் கடிதங்களைப் பார்க்கும்போது மனம் கனக்கும். அந்த உழைப்பு உண்மை, ஆனால் கோப்பைக் கையாளும் எழுத்தர் தேடுவது முரண்பாடு எந்தப் பத்தியில் என்பதை மட்டுமே. ஆங்கிலத்தில் எழுதுங்கள். தாசில்தாரும் விஏஓவும் தரும் தமிழ்ச் சான்றுகளுக்குச் சான்றொப்பமிட்ட மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் ஜபல்பூரில் அவை படிக்கப்படாமலே திரும்பும்.

எழுத்துக்கூட்டு வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் 'இருவரும் ஒருவரே' என்ற பிரமாணப் பத்திரம் போதும். நோட்டரி முன் செய்ததை ஏற்காமல், முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன் செய்ததைக் கேட்பது வழக்கம். முதலிலேயே அப்படிச் செய்துவிட்டால் ஒரு சுற்று அலைச்சல் மிச்சம். பெயரே வேறு என்றால் அரசிதழ் அறிவிப்பு கேட்பார்கள். அரசிதழில் வெளியான எழுத்துக்கூட்டே இனி எல்லா இடத்திலும் செல்லும் என்பதால், படிவத்தில் ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்க நகல், பிபிஓ நகல், தம்பதியின் கூட்டுப் புகைப்படம் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலக உதவி இயக்குநரின் மேலொப்பத்தோடு விரைவஞ்சலில் அனுப்புங்கள்.

இத்தனையும் கணவர் உயிரோடு இருக்கும்போது செய்தால் எளிது, ஏனென்றால் இவர் என் மனைவி என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. அவர் போனபின் அந்த அம்மாள் தானே தன்னை நிரூபிக்க வேண்டும். 1980களின் நடுப்பகுதிக்கு முன் ஓய்வுபெற்ற பலரின் பிபிஓவில் மனைவி பெயரே இருக்காது. சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்திருக்க வேண்டும். முதல் மனைவி இறந்து மறுமணம் செய்தவர்கள், ஓய்வுக்குப் பின் மணம் முடித்தவர்கள், நிரந்தர உடல் அல்லது மனக் குறைபாடுள்ள பிள்ளை உள்ளவர்கள் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியத்துக்கு வழி உண்டு, பெயரைப் பெற்றோர் இருக்கும்போதே பிபிஓவில் ஏற்றவும் முடியும்.

மனைவியின் பிறந்த தேதியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 80 வயதில் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுகிறது, 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100இல் முழுத் தொகையும். தேதி பதிவில் இல்லையென்றால் 80 வந்ததே கணினிக்குத் தெரியாது. வீரரின் சொந்தப் பிறந்த தேதி வேறு கதை. சேரும்போது எழுதியதை ஓய்வுக்குப் பின் மாற்றக் கேட்பது அநேகமாக வீண். பணிக்கால முடிவில் வரும் இப்படிப்பட்ட கோரிக்கைகளை உச்ச நீதிமன்றம் பலமுறை நிராகரித்திருக்கிறது.

பிழை போலத் தோன்றி விதியாக இருப்பவையும் உண்டு. 2006க்கு முன் ஓய்வுபெற்ற ஹவில்தாருக்கு அதற்கு ஒரு படி கீழான நாயக் ரேங்கின் பென்ஷன் போட்டிருந்தால், ஹவில்தார் ரேங்கில் 10 மாதம் முடித்தாரா என்று முதலில் பாருங்கள். ஊனம் ராணுவப் பணியால் வந்ததல்ல என்று மருத்துவக் குழு எழுதியதும் பதிவுத் திருத்தமல்ல, மேல்முறையீட்டுக்குரியது.

பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் ஷீட் ரோலை 25 ஆண்டுக்குப் பின் அழித்துவிட விதி இருக்கிறது. அழிக்கப்பட்டது என்று பதில் வந்தால் படையில் சேர்ந்தவர்களின் சுருக்க விவரம் உள்ள லாங் ரோல் பதிவின் நகலைக் கேளுங்கள். அது நிரந்தரமாக வைக்கப்படுவது. எழுத்துபூர்வமான மறுப்பு கையில் இருந்தால் ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சென்னையிலேயே கிளை உள்ளது. பென்ஷன் விஷயத்தில் காலம் கடந்தும் வழக்கு நிற்கும், ஆனால் 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி நிலுவை பொதுவாக மூன்று ஆண்டுக்குத்தான்.

கோரிஜெண்டம் கைக்கு வந்ததும் பழைய பிபிஓவைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். பெயரைத் திருத்தும்போது பிறந்த தேதி மாறிப்போவது நடக்கிறது. பிறகு ஸ்பர்ஷில் உள்நுழைந்து மனைவி பெயரும் தேதியும் மாறியிருக்கிறதா பாருங்கள். மாறாவிட்டால் கோரிஜெண்டம் எண்ணைக் குறிப்பிட்டு அன்றே அங்கே புகார் பதியுங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் அட்டையை அதற்குப் பிறகு மாற்றினால் போதும்.