வரைந்ததை விண்டோ நினைவில் வைத்திருக்காது

கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சிலை எடைக் கணக்குப் பார்ப்பது என் வேலை. படித்தது பி.காம். சி மொழியைப் புத்தகம் வைத்து நானாகவே கற்றுக்கொண்டேன். திரையில் ஒரு விண்டோ எப்படித் திறக்கிறது, மவுஸை அமுக்கியது புரோகிராமுக்கு எப்படித் தெரிகிறது என்பதை அடியிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும் என்று எட்டு மாதம் தினமும் விடியற்காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். குன்னூரில் காலேஜ் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, "எங்கேருந்து ஆரம்பிக்கணும்ணா?" என்று போன வாரம் கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அடுத்த வாரத்துக்குள் ஒரு சாஃப்ட்வேர் செய்து கொடுக்க வேண்டும் என்றால் க்யூட்டி, ஜிடிகே மாதிரி விண்டோ, பட்டன் எல்லாம் தயாராகத் தரும் நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குத்தான் இது.

நான் லினக்ஸில் எக்ஸ்லிப் கொண்டு ஆரம்பித்தேன். திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தோடு சி புரோகிராம் பேச உதவும் நூலகம் அது. எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கியது. இன்றும் புழங்கும் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. பழசு என்று ஒதுக்காதீர்கள். பழசாக இருப்பதால் ஃபங்ஷன்கள் மாறுவதில்லை, ஒவ்வொன்றுக்கும் மேன் பக்கம் என்ற விளக்கக் குறிப்பு இருக்கிறது, ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் நெட் தேவையில்லை. எங்களுக்கு அது பெரிய விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் கரண்ட் வர இரண்டு நாளும் ஆகும். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை மேன் பக்கம் படிப்பேன். தீர்ந்ததும் நோட்டில் கையால் புரோகிராம் எழுதுவேன். கையால் எழுதியவைதான் இன்றும் மனதில் நிற்கின்றன.

ஒரு வரி புரோகிராம் எழுதுவதற்கு முன்னால், டெர்மினலில் எக்ஸ்.ஈ.வி. (xev) என்ற சின்னக் கருவியை ஓடவிட்டுப் பாருங்கள். வெள்ளையாக ஒரு விண்டோ வரும். அதன்மேல் மவுஸை நகர்த்தினால் டெர்மினலில் வரிவரியாக ஓடும். 'ஏ' எழுத்தை அமுக்கினால் கீபிரஸ், விட்டால் கீரிலீஸ். என் கீபோர்டில் அந்தக் கீயின் எண் 38. எழுத்து வேறு, கீ வேறு என்பது அங்கேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் அதோடு விளையாடினால், நாம் எழுதப்போகும் புரோகிராம் முழுக்க "என்ன நடந்தது?" என்று காத்திருந்து பதில் செய்யும் ஒரு லூப்தான் என்பது பிடிபடும்.

அடுத்தது, நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்ட இடம். விண்டோ திறந்தேன், ஒரு கோடு போட்டேன், வந்தது. இன்னொரு விண்டோவை அதன்மேல் கொண்டுவந்து நகர்த்தினேன். மூடியிருந்த பகுதியில் கோட்டைக் காணோம். கொடநாடு காட்சிமுனையிலிருந்து பார்க்கும்போது மூடுபனி வந்து எதிர்மலையை மறைக்கும். விலகினால் மலை அங்கேயேதான் இருக்கும். விண்டோவையும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. நாம் வரைந்ததை, திரையைக் கையாளும் எக்ஸ் சர்வர் என்ற புரோகிராம் பத்திரப்படுத்தி வைப்பதாக எந்த உறுதியும் தருவதில்லை. மறைந்த பகுதி வெளியே வந்ததும் "இந்த இடம் இப்போது தெரிகிறது, வரைந்து கொடு" என்று எக்ஸ்போஸ் என்ற ஈவென்ட்டை (நடந்ததைச் சொல்லும் அறிவிப்பை) அனுப்பும். அவ்வளவுதான். வரைகிற வேலை எப்போதும் நம்முடையது. அதனால் கோடுகளின் புள்ளிகளை நம் புரோகிராமின் மெமரியில் வைத்துக்கொண்டு, எக்ஸ்போஸ் வரும்போதெல்லாம் அதைப் பார்த்து வரைய வேண்டும். தரவு ஒரு இடம், வரைவது ஒரு ஃபங்ஷன். இதைப் பிரித்து எழுதப் பழகிய அன்றுதான் எனக்கு இந்தப் படிப்பே ஆரம்பித்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்போதைய டெஸ்க்டாப்களில், எல்லா விண்டோக்களையும் சேர்த்துத் திரைப்படமாக்கும் காம்போசிட்டர் என்ற புரோகிராம் ஓடுகிறது. அது ஒவ்வொரு விண்டோவின் படத்தையும் தனியாக வைத்துக்கொள்வதால், மேலே சொன்ன தவறைச் செய்தாலும் கோடு அழியாமல் நிற்கும். சரியாக எழுதிவிட்டோம் என்று நம்பிவிடுவோம். ட்டி.டபிள்யூ.எம். (twm) மாதிரி எளிய விண்டோ மேனேஜரில் (விண்டோக்களுக்குச் சட்டம் போட்டு நகர்த்த, மூட உதவும் புரோகிராமில்), காம்போசிட்டர் இல்லாமல் படியுங்கள். தவறு உடனே முகத்தில் தெரியும் இடத்தில் படிப்பதுதான் நல்லது.

இரண்டாவது பாடம் எக்ஸ்ஃபிளஷ். நம் புரோகிராமும் எக்ஸ் சர்வரும் தனித்தனி. இரண்டுக்கும் நடுவே சாக்கெட் என்ற ஒரு இணைப்பு. "கோடு போடு" என்றால் அது அந்த நொடியே போவதில்லை, பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பில் சேர்கிறது. தோட்டத்தில் இலையைப் பறித்துச் சாக்குக் கட்டி வைத்தால் போதாதே, வண்டியில் ஏறினால்தானே ஃபேக்டரிக்கு வரும். எக்ஸ்ஃபிளஷ் அந்த வண்டி. ஈவென்ட்டுக்காகக் காத்திருக்கும்போது நாம் கூப்பிடும் எக்ஸ்நெக்ஸ்ட்ஈவென்ட் தானாகவே வண்டியை அனுப்பிவிடும். ஆனால் நொடிக்கொரு முறை நகரும் கடிகாரம் மாதிரி எழுதி, நடுவில் ஸ்லீப் போட்டால், நாம்தான் அனுப்ப வேண்டும்.

படம் சிமிட்டினால் பிக்ஸ்மேப்பில் (திரையில் தெரியாத வரைபரப்பில்) முழுசாக வரைந்து, எக்ஸ்காப்பிஏரியாவால் ஒரே வீச்சில் விண்டோவுக்கு மாற்றுங்கள். எக்ஸ்இமேஜ் என்ற படத்தை முடிக்கும் எக்ஸ்டெஸ்ட்ராய்இமேஜ், அந்தப் படத்தோடு நாம் கொடுத்த பிக்ஸல் மெமரியையும் சேர்த்து விடுவித்துவிடும். மறுபடி நாம் ஃப்ரீ செய்தால் புரோகிராம் சாய்ந்துவிடும்.

மூலையில் இருக்கும் மூடும் குறியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். டிசம்பரில் ஒருநாள் என் சொந்தப் புரோகிராமிலேயே இலை எடைகளைப் பதிந்துகொண்டிருந்தேன். நாற்பது பேர் கணக்கு முடிந்ததும் அந்தக் குறியை அமுக்கினேன். சேமிக்கும் ஃபங்ஷன் ஓடவே இல்லை, டெர்மினலில் இணைப்பு முறிந்தது என்ற செய்தி மட்டும் இருந்தது. டபிள்யூ.எம். டிலீட் விண்டோ என்ற அறிவிப்பு எனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே விண்டோ மேனேஜரிடம் சொல்லி வைக்காவிட்டால், அது புரோகிராமின் இணைப்பையே வெட்டிவிடுகிறது. எக்ஸ்செட்டபிள்யூ.எம்.புரோட்டோகால்ஸ் என்ற ஃபங்ஷனால் அதைச் சொல்லி வைத்து, அறிவிப்பு வந்ததும் நாமே சேமித்து மூட வேண்டும். அன்று ராத்திரி நாற்பது சீட்டுகளையும் மறுபடி எடுத்துவைத்துப் பதிந்தேன்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். எழுத்து வரையும் எக்ஸ்எஃப்ட்டி நூலகம் கொண்டு "தேயிலை" என்று எழுதினேன். 'த' முதலில் நின்றது, கொம்பு அதற்குப் பின்னால் வந்தது. 'லை'-யிலும் அதே கதை. கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறியீடு, யூ.டி.எஃப்-8-இல் 18 பைட். த, ஏகாரக் கொம்பு, ய, இகரம், ல, ஐகாரம் என்று உச்சரிக்கும் வரிசையில் அவை சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்து வடிவமைக்கும் கட்டத்தின் வேலை, எக்ஸ்எஃப்ட்டி அதைச் செய்வதில்லை. அதைச் செய்யும் ஹார்ஃப்பஸ் (HarfBuzz) நூலகத்திடம் எழுத்துச் சரத்தைக் கொடுத்தால், எந்த வடிவம் எந்த இடத்தில் என்று எண்களாகத் திருப்பித் தரும். அந்த எண்களை வரிசையாக வரைந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் போனது. சாயங்காலம் கொம்பு 'த'-வுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் மட்டும் எழுதிப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டம் தெரியாமலே போய்விடும். நமக்கு நம் மொழியே இதைக் கற்றுத் தருகிறது.

எக்ஸ்லிப் கைவந்தால் மற்றவை சீக்கிரம் வரும். விண்டோஸில் எக்ஸ்போஸுக்குப் பதில் டபிள்யூ.எம். பெயின்ட் என்ற செய்தி. அங்கே பிகின்பெயின்ட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட மறந்தால் அந்தச் செய்தி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், சி.பி.யூ. சூடாகும். எக்ஸுக்கு மாற்றாக 2008-இல் தொடங்கிய வேலேண்டில் சர்வர் நமக்காகக் கோடுகூடப் போடாது. பிக்ஸல்களை நாமே நிரப்பிக் கொடுக்க வேண்டும். 640-க்கு 480 விண்டோவுக்கு, பிக்ஸலுக்கு நாலு பைட் வீதம் 12,28,800 பைட். அந்த எண்ணை ஒருமுறை கையால் பெருக்கிப் பாருங்கள்.

இப்போது நான் தமிழ் உள்ளீட்டில் நிற்கிறேன். எக்ஸ்ஓபன்ஐ.எம். என்ற ஃபங்ஷன் வழியாக, தமிழ்99 கீபோர்டு முறையில் இலை கொடுப்பவர் பெயரை என் விண்டோவுக்குள்ளேயே அடிக்க வேண்டும். எழுத்து வருகிறது. 'தே' அடித்துவிட்டு பேக்ஸ்பேஸ் அமுக்கினால் கொம்பு மட்டும் போக வேண்டுமா, 'தே' முழுசும் போக வேண்டுமா என்று தம்பியும் நானும் இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.